பதினோரு பேரும் ஒரே மேசையும்

கேத்தரின் டீச்சர் யாரையும் நம்பமாட்டார் என்று அந்தப் பள்ளியில் ஒரு பேச்சு உண்டு. அது அவதூறு. தம் கணவர் கிளிஃபர்டை அவர் முழுமையாக நம்பினார். பொய் சொல்லும் அளவுக்குக் கிளிஃபர்டிடம் கற்பனை வளம் கிடையாது என்பது முப்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவர் ஆய்ந்து கண்ட முடிவு.

மற்றவர்கள் விஷயம் வேறு. புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து, ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் ஒருவரின் மகளாக வளர்ந்து, இருபத்தைந்து வயதில் ஜார்ஜ் டவுனுக்கு வரலாறு கற்பிக்க வந்தவர் அவர். வந்த சில ஆண்டுகளிலேயே ஒன்றைக் கண்டுகொண்டார். மன்னர்களும் மாணவர்களும் விட்டுச்செல்லும் சான்றுகளில் பாதி, பின்னால் வருகிறவர்களை ஏமாற்றுவதற்காகவே எழுதப்பட்டவை. இப்படி யோசிக்கிறவருக்கு மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர் பதவி தேடி வந்ததில் வியப்பில்லை. பதவியின் பெயரில்தான் நலம் இருக்கிறது. வேலையில் பெரும்பாலும் விசாரணை.

விசாரணைக்கு அவர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். சந்தேகப்படுகிற ஆளிடம் முதலிலேயே போய்க் காரணம் கேட்கக்கூடாது. கேட்டால் பதில் தயாராகிவிடும். இது ஒன்று. நடந்ததை, தொடங்கிய நேரம் முடிந்த நேரத்தோடு, கறுப்பு அட்டை போட்ட பதிவேட்டில் அப்போதே எழுதிவிட வேண்டும், எழுதியதைத் திருத்தக்கூடாது. இது மற்றொன்று. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் பிடித்தவர்கள் ஏராளம். காய்ச்சலுக்குப் பல் மருத்துவரிடம் விடுப்புச் சான்றிதழ் வாங்கி வந்தவனைப் பிடித்திருக்கிறார். தன் தாயின் கையெழுத்தை நான்கு ஆண்டுகளாகத் தானே போட்டுவந்த ஒருவனை மட்டும் பிடிக்கவில்லை. ஐந்தாம் ஆண்டில் அந்தத் தாய் உண்மையிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது, அதைப் போலி என்று திருப்பி அனுப்பினார். அந்தச் சம்பவமும் பதிவேட்டில் இருக்கிறது. அடிக்கவில்லை, திருத்தவில்லை.

இப்படிப்பட்டவர் வாழ்ந்த காலத்தில்தான் பெருந்தொற்று வந்தது. ஊரெல்லாம் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கவும் ஒரு மீட்டர் தள்ளி நிற்கவும் கற்றுக்கொண்டது. கேத்தரின் டீச்சர் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. பள்ளி மூடியது, திறந்தது, மீண்டும் மூடியது, வாரம் விட்டு வாரம் பாதிப் பிள்ளைகளோடு திறந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு புதிய சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதை மறுத்தது. வாசல் காவலாளி இப்ராஹிம் எல்லோர் நெற்றியிலும் கருவியைக் காட்டிக் காட்டிப் பதிவு செய்தார். மூன்றாம் நாள் பதிவைப் புரட்டிய டீச்சருக்கு ஓர் உண்மை தெரிந்தது. பள்ளியில் இருந்த நானூறு பேருக்கும் உடல் வெப்பம் 36.4. கருவியை வாங்கி வாசல் மாமரத்தைச் சுட்டுப் பார்த்தார். மாமரத்துக்கும் 36.4.

"மரம் நல்லா இருக்கு டீச்சர்," என்றார் இப்ராஹிம். புதுக் கருவி வந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது டீச்சருக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. அதற்குள் ஒரு விழா. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடிக்கிறவர்களுக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் பட்டமளிப்பு விழா உண்டு. அங்கியும் தொப்பியும்கூட உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளாக மேடையோரத்தில் நின்று பிள்ளைகளின் பெயர்களை வாசிப்பது கேத்தரின் டீச்சர்தான். கடந்த இரண்டு ஆண்டுகளாக அதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் காவலாளியின் அறைச் சன்னல் வழியாகச் சான்றிதழை வாங்கிப் போனார்கள், பொட்டலம் கட்டிய சோறு வாங்குவதுபோல. அதில் ஒரு பெண் சான்றிதழை வாங்கிய பிறகும் சன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள், இன்னும் ஏதோ தருவார்கள் என்பதுபோல. டீச்சர் அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. இந்த ஆண்டு தொண்ணூற்று மூன்று பேர். தொண்ணூற்று மூன்று பேரும் மேடையேற வேண்டும், ஒருவர்கூட விடுபடக்கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தார். அதற்குப் பிறகு போகலாம்.

தலைமையாசிரியர் புவான் ரோஹானாவும் அதையேதான் சொன்னார். அதனாலேயே டீச்சருக்குச் சந்தேகம் வந்தது.

ரோஹானா தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண், டீச்சரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தும் டீச்சருக்கு அவர் 'புவான்', அதாவது மலாயில் 'அம்மணி'. கூட்டங்களில் மலாய் பேசுவார், கடிதங்களில் ஆங்கிலம் எழுதுவார். அறையில் வேறு யாரும் இல்லாமல், காரியமும் ஆக வேண்டியிருந்தால் மட்டும் தமிழ் பேசுவார். 'கேத்தரின் அக்கா' என்று அவர் தொடங்கினால், அந்த வாக்கியம் முடிவதற்குள் ஏதோ ஒரு வேலை டீச்சர் தலையில் ஏறியிருக்கும்.

"கேத்தரின் அக்கா, இந்த வருஷம் எப்படியாவது விழா வைக்கணும்கா. பிள்ளைங்க பாவம்."

"கல்வி இலாகாவுலேர்ந்து யாராவது வர்றாங்களா புவான்?"

"வர்றாரு. அதுக்காக இல்ல."

"சரி."

திட்டம் தீட்டப்பட்டது. அதன் நுணுக்கத்தைப் பார்த்தால் ஏதோ போர்ப்படை ஆற்றைக் கடக்கப் போகிறது என்று தோன்றும். காலையில் ஒரு பகுதி, பிற்பகலில் ஒரு பகுதி. வலது படிக்கட்டில் ஏற வேண்டும், இடது படிக்கட்டில் இறங்க வேண்டும். நடுவில் கழிவறைக்குப் போக நினைப்பவர் பள்ளியை ஒரு முறை சுற்றி வர வேண்டும். சான்றிதழ் ஒரு தட்டில் இருக்கும். மாணவர் தாமே எடுத்துக்கொள்வார். தலைமையாசிரியர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று நெஞ்சில் கை வைப்பார். பெற்றோர் திடலில் காருக்குள் உட்கார்ந்து, ஐம்பது மீட்டர் தொலைவில் நடக்கும் விழாவைக் கைப்பேசியில் பார்ப்பார்கள். ஒத்திகைக்கு மட்டும் தொண்ணூற்று மூன்று பேரையும் ஒரே நேரத்தில் மண்டபத்துக்குள் வரச்சொல்லியிருந்தது.

"ஒத்திகைக்கு எஸ்.ஓ.பி. விதி என்ன புவான்?" என்று கூட்டத்தில் டீச்சர் கேட்டார்.

ரோஹானா சுற்றறிக்கையை இரு முறை புரட்டிவிட்டு மலாயில் சொன்னார்: "ஒத்திகையப் பத்தி இதுல ஒண்ணும் போடல."

வைரஸுக்கும் அந்தச் சுற்றறிக்கை அனுப்பப்பட்டிருக்கிறதா என்று டீச்சர் கேட்கவில்லை. முகத்தில் மட்டும் அது தெரிந்தது. ஒத்திகை கைவிடப்பட்டது.

மீதி இருந்தது ஒரே ஒரு நிபந்தனை. விழா சனிக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை ஒவ்வொரு மாணவரும் வீட்டில் தாமே மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, டெஸ்ட் கிட்டின் மேல் பெயரும் தேதியும் எழுதி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு கோடு வந்தால் விழா. இரண்டு வந்தால் வீடு. இதைக் கேட்டதுமே டீச்சர் பிள்ளைகளின் பழைய கைவரிசைகளை எண்ணிப் பார்த்தார். இந்தப் பிள்ளைகள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியருக்கே பூனைக் காதும் மீசையும் முளைக்க வைத்தவர்கள். ஒரு கோட்டை அழிப்பது இவர்களுக்கு எம்மாத்திரம்?

புதன் மாலை கெலுகோரில் உள்ள தம் வீட்டில் உட்கார்ந்து தொண்ணூற்று மூன்று படங்களையும் பார்த்தார். எண்பத்திரண்டு படங்கள் எண்பத்திரண்டு விதம். போர்வை மேல் ஒன்று, சலவை இயந்திரத்தின் மேல் ஒன்று, தூங்குகிற பூனையின் வயிற்றின் மேல் ஒன்று. மிச்சம் பதினொன்றும் ஒரே பளிங்கு மேசை. ஓரத்தில் அதே உடைசல், மேலே அதே வெளிச்சம். பெயர்கள் பதினொன்றும் ஒரே கையெழுத்து.

"இங்க வந்து பாருங்க," என்றார் கணவரிடம்.

கிளிஃபர்ட் எட்டிப் பார்த்து, இரண்டு தடவை தும்மினார். "நல்ல மேசை," என்றார்.

"என்ன தும்மல்?"

"ஏர்கோன் குளிர்."

டீச்சர் திரும்பவும் திரையைப் பார்த்தார். மேசையை அவருக்குத் தெரியும். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஹனீபாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை மேசை அது. ஹனீபாவின் மகள் அமீரா ஐந்தாம் படிவத்தின் முதல் மாணவி. விழாவில் மாணவர்கள் சார்பில் பேசப்போகிறவள். கையெழுத்தும் அவளுடையதுதான். முதல் மாணவியின் மேல் சந்தேகப்படக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் டீச்சர் கடை வாசலில் காரை நிறுத்தினார். ஹனீபா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர்! என்ன இவ்ளோ காலையில? ரொட்டி போடச் சொல்லவா?"

"வேணாம்ணே. தே ஓ ஒண்ணு, கட்டிக் குடுங்க." கடைக் குவளைகளை டீச்சர் நம்புவதில்லை. "பிள்ளைங்க எல்லாம் இங்கதான் டெஸ்ட் எடுத்தாங்களாமே?"

"ஆமா டீச்சர். பாதிப் பிள்ளைங்க வீட்ல கிட் இல்லன்னு அமீரா சொல்லிச்சு. நான்தான் ஒரு பெட்டி வாங்கினேன். கதவத் தொறந்து, ஃபேனப் போட்டு, ஒவ்வொருத்தரா அந்த மேசையில உக்கார வச்சேன். ஒருத்தர் முடிச்சதும் தொடச்சிட்டு அடுத்தவரு. கிளினிக் மாதிரிதான் போங்க!"

"பெட்டியப் பாக்கலாமா?"

"அதுக்கென்ன? இருபது கிட் பெட்டி. மிச்சத்தக் கடைப் பசங்களுக்கு வச்சிருக்கேன்."

பெட்டியைத் திறந்து காட்டினார். டீச்சர் உதடு அசையாமல் எண்ணினார். பத்து. இருபதில் பத்து மிச்சம் என்றால் செலவானது பத்து. படங்கள் பதினொன்று. யாரோ ஒருவர் சோதிக்கவே இல்லை; அடுத்தவருடைய கோட்டைத் தன் கோடாகக் காட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், "அண்ணே, ஒண்ணு இடிக்குதே?" என்று கேட்டிருப்பார்கள். டீச்சர் கேட்கவில்லை. முதல் விதி. "நல்ல காரியம் பண்ணீங்க அண்ணே," என்று சொல்லித் தேநீரை வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பினார். தொண்டை கொஞ்சம் கரகரத்தது. விழாவுக்காக ஒலிபெருக்கியில் கத்திய களைப்பு என்று எண்ணிக்கொண்டார்.

பிற்பகல் இரண்டு பத்துக்குப் பதினோரு பேரையும் ஆலோசனை அறைக்குக் கூப்பிட்டார். பள்ளியின் கையிருப்பிலிருந்து பதினோரு கிட்டுகளை மேசையில் அடுக்கியிருந்தார். யாரும் எதையும் வெளியே வீசவோ உள்ளே வாங்கவோ முடியாதபடி சன்னல்களை அடைத்துத் தாழிட்டார். குளிர்சாதனத்தைப் போட்டார். ஒருவர் கையை இன்னொருவர் மறைக்காதபடி எல்லோரையும் தமக்கு எட்டும் தொலைவில் நெருக்கமாக உட்கார வைத்தார். கதவின் வெளிப்புறத்தில், அவரே தம் கைப்பட எழுதி ஒட்டிய தாள் இருந்தது: இவ்வறையில் ஒரே நேரத்தில் நால்வருக்கு மேல் கூடாது. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

"நேத்து எடுத்தோமே டீச்சர்," என்றாள் அமீரா.

"இன்னைக்கும் எடுப்போம். எல்லாரும் மாஸ்க்க எறக்குங்க. ஒரே நேரத்துல."

"ஒவ்வொருத்தரா எடுத்தா நல்லது இல்லையா டீச்சர்? சன்னலும்..."

"ஒவ்வொருத்தரா எடுத்தா ஒண்ணயே பத்துப் பேரு காட்டலாம்."

அமீராவின் முகம் சுருங்கியது. பக்கத்தில் தனேஷ் உட்கார்ந்திருந்தான். பிறை வட்டாரத்து ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்யும் அம்மாவின் ஒரே பிள்ளை. ஐந்தாண்டில் நாற்பத்தோரு முறை தாமதமாக வந்தவன். எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது. பதினோராவது ஆள் இவன்தான் என்று டீச்சர் காலையிலேயே முடிவு கட்டியிருந்தார்.

"டீச்சர், எங்களுக்கு இதெல்லாம் சரியா வராது லா," என்றான் தனேஷ். "நீங்க ஒரு தடவ எடுத்துக் காட்டுங்களேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"காட்டுறேன். நல்லா பாத்துக்க. ஒரு மூக்குக்கு அஞ்சு சுத்து. நீயெல்லாம் ரெண்டு சுத்தோட விட்டிருப்ப." அலமாரியிலிருந்து பன்னிரண்டாவது கிட்டை எடுத்து, முகக்கவசத்தை இறக்கி, பாடம் நடத்துவதுபோல் செய்து காட்டினார். மேலே 'மாதிரி' என்று எழுதினார். பிள்ளைகளும் செய்தார்கள். "கையெல்லாம் பின்னால கட்டுங்க. கிட்டத் தொட்டா அம்புட்டுத்தான்."

பதினைந்து நிமிடம் பதினோரு பேர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் மேசையின் இரு பக்கமும் மாறி மாறி நடந்தார். ஒரு கோடு, ஒரு கோடு, ஒரு கோடு. தனேஷுக்கும் ஒரே கோடுதான். டீச்சர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்போதும் ஒன்றுதான்.

"டீச்சர்," என்றாள் கடைசியில் இருந்த பெண், மெதுவாக. "மாதிரியில ரெண்டு கோடு."

யாரும் மூச்சுவிடவில்லை. அந்த அறையில் அப்போது அதுதான் செய்யத்தக்க காரியமும்கூட. டீச்சர் நிமிர்ந்து நேராகத் தனேஷைப் பார்த்தார்.

"நான் தொடல டீச்சர்! கையப் பின்னால கட்டிருந்தேன், நீங்கதான் கட்டச் சொன்னீங்க!"

அலமாரியிலிருந்து இன்னொரு கிட் எடுத்தார். அதிலும் இரண்டு. கிட்டே பழுது என்று சந்தேகப்பட்டு, வேறு கம்பெனி கிட் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்தார். அதில் இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடக் கறுப்பாக விழுந்தது. முப்பத்தைந்து ஆண்டு விசாரணையில் இவ்வளவு தெளிவான ஆதாரம் அவருக்குக் கிடைத்ததில்லை.

முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு, சன்னல்களைத் திறந்துவிட்டு, கதவருகே போய் நின்றார். ஒன்றை மட்டும் கேட்டாக வேண்டும்.

"பெட்டியில பத்து கிட்தான் செலவாச்சு. பதினோராவது எது?"

"என்னோடது டீச்சர்," என்றான் தனேஷ். "எங்கம்மா ஃபேக்டரியில வாரா வாரம் குடுப்பாங்க. அதே கம்பெனி கிட்தான். வீட்லேர்ந்து ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். அங்கிள் கிட்ட சும்மா வாங்கக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

"இத ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே டீச்சர்."

டீச்சர் பதிவேட்டை எடுத்து, பழக்கம் மாறாமல், முடிந்த நேரத்தை எழுதினார். 2.45.

கால் மணி நேரம் கழித்து தாழ்வாரத்தின் ஒரு முனையில் டீச்சரும் மறுமுனையில், இரண்டு முகக்கவசங்களோடு, ரோஹானாவும் நின்றார்கள். தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை.

"கேத்தரின் அக்கா," என்றார் ரோஹானா.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"பதினஞ்சு நிமிஷத்துக்கு உள்ளன்னா அவங்க க்ளோஸ் காண்டாக்ட் கணக்குல வரமாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும். முப்பத்தஞ்சு நிமிஷம். மாஸ்க் இல்லாம. சன்னல அடைச்சு."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"பேனாவுலயா?"

"பேனாவுல."

ரோஹானா திடல் பக்கம் திரும்பினார். அங்கே நாளை மறுநாள் கார்கள் நிற்க வேண்டிய இடங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். "பிள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன்கா. அஞ்சு வருஷம் படிச்சிருக்காங்க. அமீராதான் பேசப் போறா. அதிகாரி வேற வர்றாரு. பதினோரு நாற்காலி காலியா இருந்தா எப்படி இருக்கும்?"

இந்த வாக்கியங்களில் எது உண்மையான காரணம் என்று டீச்சர் வழக்கம்போல் தேடினார். எல்லாமே உண்மையாக இருக்கலாம் என்று தோன்றியது. அது அவருக்குப் பழக்கமில்லாத சிக்கல். பொய்யைப் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு, தன்னலமும் அக்கறையும் ஒரே ஆளிடம் குடியிருப்பதைப் பிடிக்க அவருக்குத் தெரியாது.

பதிவேட்டைத் திறந்து பார்த்தார். 2.45ஐ 2.15 ஆக்க ஒரு நிமிடம் போதும். அவரிடம் பேனா இருந்தது. பதினோரு பேரும் மேடையேறுவார்கள். தொண்ணூற்று மூன்று முழுசாக இருக்கும். தாம் வராவிட்டாலும் பெயர் வாசிக்க ஆளா இல்லை? ஆனால் மார்ச் தொடக்கத்தில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். அறைக்குள் அவர் மூச்சில் போனது அந்தப் பதினோரு பேரில் யாருக்குள்ளாவது இருந்து, சனிக்கிழமை மண்டபத்தில் உட்கார்ந்தால், தேர்வு மண்டபத்தில் காலியாகும் நாற்காலிகள் பதினொன்றோடு நிற்காது. தவிர, திருத்திய எண்ணை எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஓர் ஆள் இந்தப் பள்ளியில் உண்டு. அந்த ஆள் இவர்தான்.

"பதினோரு பேரையும் வீட்டுக்கு அனுப்புங்க புவான்," என்றார். "பெற்றோருக்கு நானே போன் பண்றேன்."

போன் செய்தார். பத்துப் பேர் வீட்டில் அழுகை, ஆத்திரம், மௌனம் என்று கலவையாகக் கிடைத்தது. பதினோராவது ஹனீபா. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"காலையில கடைக்கு வந்தீங்க டீச்சர். பெட்டிய எண்ணுனீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பவே, 'அண்ணே, கணக்குல ஒண்ணு இடிக்குதே'ன்னு கேட்டிருந்தா நான் அமீராவக் கூப்பிட்டிருப்பேன். அது சொல்லியிருக்கும். ரெண்டு நிமிஷ வேலை."

"ஆமாண்ணே."

"என் மகள மட்டும்தான் சந்தேகப்பட்டீங்களா? இல்ல என்னையும் சேத்தா?"

"உங்களயும் சேத்துத்தான்."

போன் வைக்கப்பட்டது. பொய் சொல்லியிருக்கலாம்தான். அதற்கான பயிற்சி அவருக்கு இல்லை.

அன்று மாலை கிளிஃபர்டுக்கும் சோதித்துப் பார்த்தார். இரண்டு கோடு. விசாரணையில் தெரிந்தது: ஞாயிற்றுக்கிழமை காருக்கு டயர் மாற்றப் போகிறேன் என்று கிளம்பியவர், செபராங் ஜெயாவில் பழைய நண்பர்கள் ஆறு பேரோடு பிறந்தநாள் கொண்டாடிவிட்டு வந்திருக்கிறார். "சொன்னா நீ விடமாட்டன்னுதான்..." என்றார். டயரும் உண்மையிலேயே மாற்றப்பட்டிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் குறைத்து மதிப்பிட்டிருந்த கற்பனை வளம் அது. ஏழு நாள் இருவரும் ஒரே வீட்டில் அடைந்து கிடந்தார்கள். முதல் மூன்று நாள் டீச்சர் கணவரோடு பேசவில்லை; தொண்டையும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை விழாவைக் கைப்பேசியில் பார்த்தார். ரோஹானா பதினோரு காலி நாற்காலிகளையும் எடுக்கச் சொல்லி, மற்றவற்றை இன்னும் தள்ளித் தள்ளிப் போட வைத்திருந்தார். மண்டபம் நிறைந்தே இருந்தது. இவ்வளவு தாராளமான இடைவெளியை வேறு எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை என்று அதிகாரி பாராட்டிப் பேசினார். எண்பத்திரண்டு பெயர்களை யாரோ ஓர் இளம் ஆசிரியர் வாசித்தார். டீச்சர் திரையின் முன்னே பதினோரு பெயர்களைச் சேர்த்துச் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ரோஹானா கூப்பிட்டார். "கேத்தரின் அக்கா."

"சொல்லுங்க புவான்," என்றார் டீச்சர், எச்சரிக்கையாக.

"மேடை அலங்காரத்த இன்னும் கழட்டல. வர்ற சனிக்கிழமை உங்களுக்கும் முடிஞ்சிரும், பிள்ளைங்களுக்கும் முடிஞ்சிரும். பதினோரு பேருக்கு மட்டும் தனியா ஒண்ணு வச்சிரலாம். நீங்கதான் பேரு வாசிக்கணும்."

"இலாகாவுக்கு ரிப்போர்ட் அனுப்பணுமா?"

"எல்லாருக்கும் குடுத்தாச்சுன்னு எழுதணும். அதுவும்தான்."

அந்த 'அதுவும்தான்' டீச்சருக்குப் பிடித்திருந்தது. "பிள்ளைங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க. ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க."

நிபந்தனை என்னவென்று சனிக்கிழமை காலை மண்டப வாசலில் தெரிந்தது. எல்லாச் சன்னல்களும் திறந்திருந்தன. அங்கியும் தொப்பியும் போட்ட பத்துப் பேர் ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டர் தள்ளி வரிசையாக நின்றார்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, அதன் பின்னால் தனேஷ் உட்கார்ந்திருந்தான். மேசை மேல் ஒரு கிட், ஒரு மார்க்கர், ஒரு கடிகாரம். அன்றைக்கு அவன் நேரத்துக்கு வந்திருந்தான். டீச்சர்தான் நான்கு நிமிடம் தாமதம்.

"நாங்க எல்லாம் எடுத்தாச்சு டீச்சர். புவான் பாத்தாங்க," என்றாள் அமீரா. "நீங்க இங்க எங்க முன்னாடி எடுக்கணும்."

"வீட்ல எடுத்துட்டேன். படம் இருக்கு."

"படமா?" என்றான் தனேஷ். "யாரு வீட்டு மேசை டீச்சர் அது?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. டீச்சர் சிரிக்கவில்லை, உட்கார்ந்தார். முகக்கவசத்தை இறக்கினார். வலது மூக்கில் ஐந்து சுற்று. பதினோரு பேரும் உரக்க எண்ணினார்கள். இடது மூக்கில் நான்காவது சுற்றிலேயே நிறுத்தினார்.

"அஞ்சு," என்றார் ஒருவர்.

குரல் பின்னாலிருந்து வந்தது. திடலில் மற்ற பெற்றோர்கள் கார்களில் உட்கார்ந்திருக்க, ஹனீபா மட்டும் இறங்கி வந்து, இரண்டு மீட்டர் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வணக்கமும் சொல்லவில்லை, நலமும் விசாரிக்கவில்லை. டீச்சர் ஐந்தாவது சுற்றைச் சுற்றினார்.

பெயரையும் தேதியையும் அமீரா எழுதினாள். பதினைந்து நிமிடம் யாரும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஹனீபாவின் கண் கிட்டைவிட்டு விலகவே இல்லை. டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகப்படுகிற முகத்தை எதிரே உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் யோசித்ததில்லை. அது அப்படியொன்றும் சுகமாக இல்லை. ஆனால் அந்த மனிதர் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்பதையும் அவரால் ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

கடிகாரம் நேரம் காட்டியதும் தனேஷ் கிட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அமீராவிடம் கொடுத்தான். அது கை மாறிக் கை மாறி வரிசையின் கடைசி வரை போய், கடைசியில் ஹனீபாவிடம் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். கிட்டைச் சாய்த்து, இன்னொரு தடவை பார்த்தார்.

"ஒண்ணுதான்," என்றார். பிறகு, அந்தப் போனுக்குப் பின் முதன்முறையாக டீச்சரை நேராகப் பார்த்து: "ஆரம்பிங்க."

டீச்சர் எழுந்து மேடையோரத்துக்குப் போய், பட்டியலை விரித்து, முதல் பெயரை வாசித்தார்.